ஐம்பத்து நான்கு நகர்த்தல்களும் ஒரு தவறும்

2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அதைப் பற்றித் தமிழில் நிறைய எழுதிவிட்டோம். அவர் அழுததைப் பற்றி எழுதினோம். அழுதுகொண்டே காய்களையெல்லாம் திரும்ப அதனதன் கட்டத்தில் அடுக்கி வைத்ததைப் பற்றி எழுதினோம். தமிழ்நாடு அரசு அறிவித்த 5 கோடி, பரிசுப் பணத்தில் வருமான வரிக்கு எவ்வளவு போகும் என்கிற கணக்கு, பையன் தமிழனா தெலுங்கனா என்கிற சண்டை, எல்லாம் ஆகிவிட்டது. ஆட்டத்தைப் பற்றி? அநேகமாக ஒரே வரி. 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார், தோற்றார். அவ்வளவுதான்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு ஒருவர் நாவலுக்கு மதிப்புரை எழுதினால் நாம் விடுவோமா? சதுரங்கத்துக்கு மட்டும் விட்டுவிடுகிறோம். ஆடத் தெரிந்தவர்களும் இதற்கு விலக்கில்லை. முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, நமக்குத் தெரிந்த சதுரங்கம் முடிந்தே போயிற்று என்கிற அளவுக்கு எழுதினார். அவர் பார்த்ததும் அந்த ஒரு நகர்த்தலைத்தான்.

நான் திண்டுக்கல்லில் இருப்பவன். தொழில்முறை ஆட்டக்காரன் இல்லை. முக்கியமான ஆட்டங்களை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பலகையில் ஒவ்வொரு காயாக நகர்த்திப் பார்க்கிற பழக்கம் உண்டு. இந்தப் பதினான்காவது ஆட்டத்தை அப்படிப் பலமுறை நகர்த்திப் பார்த்துவிட்டேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: 55ஆவது நகர்த்தலில் வந்த தவறு வானத்திலிருந்து விழவில்லை. அது வந்து உட்காருவதற்கு இடம் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. ஒதுக்கியதில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

1

முதலில் நிலவரம். பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்து இருவரும் 6.5 – 6.5. டிங் முதல் ஆட்டத்தையும் பன்னிரண்டாவதையும் ஜெயித்திருந்தார். குகேஷ் மூன்றாவதையும் பதினொன்றாவதையும். மற்றதெல்லாம் டிரா. பதினான்காவதும் டிரா ஆனால் மறுநாள் டை-பிரேக். அது வேக ஆட்டம். வேக ஆட்டத்தில் டிங்தான் பலசாலி என்பது எல்லோருக்கும் தெரியும். டிங்குக்கும் தெரியும், குகேஷுக்கும் தெரியும்.

கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் காய் டிங்குக்கு. வெள்ளைதான் முதலில் நகர்த்தும். அதனால் அழுத்தம் கொடுக்கிற வாய்ப்பு வெள்ளைக்கு அதிகம். ஆனால் டிங்குக்கு ஜெயிக்க வேண்டிய அவசியம் இல்லை, தோற்காமல் இருந்தால் போதும். 2023இல் பட்டம் ஜெயித்த பிறகு மன அழுத்தத்தில் விழுந்து, நீண்ட நாள் ஆடாமலே இருந்து, அதை மறைக்காமல் வெளியில் சொன்ன மனிதர் அவர். அப்படிப்பட்டவர் கடைசி நாள் காலையில் நிதானமான பாதையைத் தேர்ந்தெடுத்ததை யாரும் குறை சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தேர்வு பலகையில் என்னவாக ஆயிற்று என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

டிங்கின் முதல் நகர்த்தல் குதிரை எஃப்3. குகேஷ் நடுவில் சிப்பாயை டி5இல் நிறுத்தினார். டிங் ஜி3 போட்டு, பிஷப்பை ஜி2இல் உட்கார வைத்தார். நாலாவதாக டி4, ஐந்தாவதாகக் கோட்டை கட்டிவிட்டார். க்ரூன்ஃபெல்டு தடுப்பு என்று கறுப்புக்காரர்கள் ஆடுகிற ஓர் அமைப்பு உண்டு. நடுவை எதிராளியிடம் விட்டுக்கொடுத்துவிட்டு, மூலையில் உள்ள பிஷப்பால் தூரத்திலிருந்து அதைக் குடைகிற ஆட்டம். டிங் அதையே வெள்ளைக்குத் திருப்பிப் போட்டு, ஒரு நகர்த்தலைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு ஆடினார். நல்ல அமைப்புதான், பெரிய ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர் ஆடியிருக்கிறார்கள். ஆனாலும் அதன் சுபாவத்தைக் கவனியுங்கள். வெள்ளைக் காயை வைத்துக்கொண்டு கறுப்பின் வேலையைப் பார்ப்பது அது.

எட்டாவது நகர்த்தலில் டிங்கின் ராணி டி4க்கு வருகிறது, குதிரையை வெட்டிக்கொண்டு. குகேஷ் இன்னொரு குதிரையை சி6க்குக் கொண்டுவந்து ராணியை அதட்டுகிறார். ராணி எங்கே போகும்? எத்தனையோ கட்டங்கள் இருக்கின்றன. அது கிளம்பின டி1க்கே திரும்பிப் போகிறது. அடுத்த நகர்த்தலில் குகேஷ் சிப்பாயை டி4இல் கொண்டுபோய் வைக்கிறார், ஒரு நிமிஷம் முன்னால் ராணி நின்ற அதே கட்டத்தில்.

இந்த ஆட்டத்தில் எனக்கு முக்கியமான இடம் இதுதான், ஒன்பதாவது நகர்த்தல். எஞ்சினைக் கேட்டால் இரண்டு பக்கமும் சமம் என்றுதான் சொல்லும். ஆனால் இந்த இடத்தில் ஆட்டத்தின் பேச்சு மாறிவிட்டது. இதுவரை கேள்வி கேட்க வேண்டியவர் வெள்ளைக்காரர். இனிமேல் கேள்வி கேட்பவர் கறுப்பு, பதில் சொல்பவர் வெள்ளை. அந்தச் சிப்பாய் சீக்கிரமே வெட்டுப்பட்டுப் போனது. ஆனால் அதே கட்டத்தில் குகேஷின் பிஷப் வந்து உட்கார்ந்தது. டிங்கின் குதிரை சி3இலிருந்து பி5க்குப் போய் அந்த பிஷப்பை விரட்டியது, குகேஷ் சிப்பாயை வைத்துத் திருப்பி விரட்டியதும் சி3க்கே வந்தது, பிஷப்பும் டி4க்கே வந்தது.

சதுரங்கத்தில் ‘ஓப்பனிங்’ என்பதைத் தமிழில் தொடக்கம் என்று எழுதுகிறோம். சிலர் திறப்பு என்றும் எழுதுகிறார்கள். எனக்குத் திறப்பு பிடிக்கும், காரணம் யாழ்ப்பாணத் தமிழ். அங்கே சாவிக்குப் பேரே திறப்புதான். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; கையால் செய்கிற பூட்டு, அந்தந்தப் பூட்டுக்கு அந்தந்தச் சாவி. கதவு திறப்பது கடைசியில் சாவியைத் திருப்பும்போதுதான். ஆனால் திறக்குமா திறக்காதா என்பது சாவியின் பல்லை ராவும்போதே முடிவாகிவிடுகிறது. தொடக்கம் என்று சொன்னால் அது ஆரம்பித்து முடிந்துபோகிற ஒன்று. திறப்பு என்று சொன்னால் அது கடைசிவரைக்கும் கையில் இருக்கிற ஒன்று.

2

இனி நடு ஆட்டம். பதினெட்டாவது நகர்த்தலில் டிங் குதிரையை டி5இல் நிறுத்துகிறார். நல்ல இடம், பலகையின் நடு. குகேஷ் உடனே பி5 என்று சிப்பாயைத் தள்ளிக் கலைக்கிறார். இரண்டே நகர்த்தல் கழித்து டிங் அந்தக் குதிரையை எஃப்4க்குக் கொண்டுபோய், வெட்டக் கொடுத்து, பதிலுக்கு குகேஷின் குதிரையை எடுத்துக்கொள்கிறார். அடுத்து இன்னொரு ஜோடி பிஷப்புகளும் மாறுகின்றன. பலகை காலியாகிக்கொண்டே வருகிறது.

இருபத்தொன்பதாவது நகர்த்தலில் பி4. இதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். டிங் ஒரு சிப்பாயைத் தானாகவே தூக்கிக் கொடுக்கிறார். வெட்டினால் ராணிகள் மாறும், தொடர்ந்து ஒரு ஜோடி யானைகளும் மாறும். அப்படியே நடந்தது. முப்பத்திரண்டாவது நகர்த்தலில் மிச்சம் இருந்தது ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு மூன்று சிப்பாய், டிங்குக்கு இரண்டு. எல்லாச் சிப்பாய்களும் பலகையின் ஒரே பக்கத்தில். புத்தகப்படி இது டிரா. உலகத் தரத்தில் ஆடுகிற யாரும் இதைக் காப்பாற்றுவார்கள்.

டிங் ஒரு சிப்பாயை விலையாகக் கொடுத்து நிம்மதியை வாங்கினார் என்று சொல்லலாம். ஆனால் அவர் வாங்கியது நிம்மதி இல்லை, காவல் வேலை. சமமாக இருந்த ஒரு நிலையை விட்டுவிட்டு, ‘காப்பாற்ற முடியும்’ என்கிற நிலைக்குத் தானே நடந்து போனார். இரண்டும் டிராதான், எஞ்சினுக்கு இரண்டும் பூஜ்யம்தான். ஆனால் ஒன்றில் இரண்டு பேரும் தவறு செய்யலாம். இன்னொன்றில் ஒருவர் மட்டும்தான் தவறு செய்ய முடியும். குகேஷுக்கு ஆபத்தே இல்லாத ஒரு பலகையை டிங் உண்டாக்கிக் கொடுத்தார். காரணம், அவர் முதல் நகர்த்தலிலிருந்தே டிராவைத் தேடிக்கொண்டிருந்தார். ராணி டி1க்குத் திரும்பியதும், டி5 குதிரையைக் கொடுத்ததும், பி4உம் ஒரே கையெழுத்து.

குகேஷ் பக்கம் என்ன? அங்கே பளிச்சென்று ஒரு நகர்த்தல்கூடக் கிடையாது. யானையைக் கொஞ்சம் நகர்த்துகிறார். ராஜாவை மெள்ள மேலே கொண்டுவருகிறார். ஜி சிப்பாயைத் தள்ளுகிறார், அப்புறம் எஃப் சிப்பாயை. எதிராளியைக் கேட்கிறார்: இப்ப என்ன பண்ணப் போறீங்க? பதில் வந்ததும் அடுத்து: சரி, இப்ப? நாற்பதாவது நகர்த்தலுக்கு மேல் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடிதான் கூடுதல். இதே போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், கறுப்புக் காயோடு, நகர்த்தல்களைத் திரும்பத் திரும்ப ஆடி டிரா செய்துகொள்ளலாம் என்ற இடத்தில் அவர் மறுத்து விலகிப் போனார். அன்றைக்குப் பலர் இது சின்னப் பையனின் அசட்டுத் துணிச்சல் என்றார்கள். அசட்டுத்தனம் இல்லை; பலகையில் இன்னும் ஆடுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிற குணம்.

3

இங்கே ஒரு வில்லனைச் சொல்லியாக வேண்டும். நேரலையில் பலகைக்குப் பக்கத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு பட்டை நிற்கிறதே, எஞ்சின் யார் முன்னால் இருக்கிறார் என்று ஏற்றி இறக்கிக் காட்டுமே, அது. இந்த ஆட்டத்தின் பின்பாதி முழுக்க அது அநேகமாக நடுவிலேயே நின்றது. 55ஆவது நகர்த்தலில் ஒரேயடியாகச் சரிந்தது. பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது சொன்ன கதை என்ன? நாலு மணி நேரமாக ஒன்றுமே நடக்கவில்லை, திடீரென்று ஒருவர் தடுக்கி விழுந்தார். ‘அதிர்ஷ்டம்’ என்கிற வார்த்தை பட்டையிலிருந்துதான் வந்தது.

எஞ்சின் பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வது ஒன்றை மட்டும்தான்: இரண்டு பக்கமும் தவறே செய்யாமல் ஆடினால் முடிவு என்ன என்று. அதற்குக் களைப்பு கிடையாது. இருபத்து மூன்று நகர்த்தலாகப் பதில் மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பது என்னவென்று அதற்குத் தெரியாது. ஒரு சிறுகதையை எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தேர்வு செய்கிற விமர்சகரை எப்படி நம்புவோம்? பட்டை அந்த வகை விமர்சகர்.

குகேஷுக்கு இளம்வயதில் பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா, பையன் 2500 புள்ளியைத் தொடும்வரை எஞ்சின் பக்கமே போக விடவில்லை என்பது சதுரங்க உலகத்துக்கே தெரிந்த செய்தி. இந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட கிறுக்குத்தனம் மாதிரியான முடிவு. ஆனால் பதினான்காவது ஆட்டத்தின் பின்பாதியை நகர்த்திப் பார்க்கும்போது எனக்கு அந்த முடிவு ஞாபகத்துக்கு வருகிறது. பூஜ்யம் என்று பட்டை காட்டுகிற இடத்தில் நின்று, இது பூஜ்யம் இல்லை, இன்னும் ஒரு மனுஷன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்கிற கண் அப்படித்தான் வளர்ந்திருக்க வேண்டும்.

4

இதையெல்லாம் நான் பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். பூட்டுப் பட்டறை வைத்திருந்து, வியாபாரம் படுத்ததும் விட்டுவிட்டவர். சாயங்காலம் பலகையை விரித்தால் என்னைச் சுலபமாக ஜெயித்துவிடுவார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“என்ன தம்பி, சுத்திச் சுத்திப் பேசுறீங்க. அந்தச் சீனாக்காரர் அசந்துட்டாரு, நம்ம பய ஜெயிச்சுட்டான். சந்தோசம். அதுக்கு மேல இதுல என்ன இருக்கு?”

“அசர வச்சது யாருண்ணே?”

“அவராத்தான் அசந்தாரு. இவன் அடிச்சா விழுந்தாரு? ஒரு அடியும் அடிக்கலையே. நீங்களே சொல்றீங்க, பளிச்சுனு ஒரு மூவ் இல்லன்னு.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை வெறும் ஊர்ப்பாசம் ஆகிவிடும். அதனால் அந்த 55ஆவது நகர்த்தலைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

அந்த நேரத்தில் பலகையில் இருந்தவை: வெள்ளைக்கு ராஜா ஜி1, யானை எஃப்4, பிஷப் ஏ8, சிப்பாய் ஜி3. கறுப்புக்கு ராஜா இ5, யானை பி2, பிஷப் இ6, சிப்பாய் எஃப்5, ஜி4. குகேஷின் ராஜா அப்போதுதான் இ5க்கு வந்திருந்தது. டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்து, யானைக்கு யானை மாற்றிக்கொள்ளலாம் என்றார். மறுபடியும் அதே கையெழுத்துதான்: மாற்றிக்கொள்வோம், காலியாக்குவோம், முடிப்போம்.

யானைகள் மாறின. குகேஷ் பிஷப்பை டி5இல் வைத்தார். ஆட்டம் அங்கே முடிந்தது. ஏனென்றால் டிங்கின் பிஷப் பலகையின் மூலையில், ஏ8இல் இருந்தது. மூலையில் இருக்கிற பிஷப்புக்கு ஒரே ஒரு பாதைதான். அந்தப் பாதையை டி5 மறிக்கிறது. போக வழியில்லை, நின்றாலும் வெட்டு, வெட்டினாலும் வெட்டு. பிஷப்புகளும் மாறிவிட்டால் வெறும் சிப்பாய் ஆட்டம்; அதில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், ராஜா நடுவில். 58ஆவது நகர்த்தலோடு டிங் கையை நீட்டிவிட்டார்.

குகேஷே முதலில் வேறு நகர்த்தல் ஆடத்தான் கையைக் கொண்டுபோனாராம், யானையை பி3க்கு. அப்புறம்தான் அந்த பிஷப் மாட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது என்று ஆட்டம் முடிந்ததும் சொன்னார். டிங்கோ, எதிரில் இருந்தவரின் முகத்தைப் பார்த்துத்தான் தன் தவறைப் புரிந்துகொண்டதாகச் சொன்னார்.

தவறு என்று எல்லோரும் யானையைச் சொல்கிறோம். யானையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பிஷப்பை. அது ஏ8க்குப் போனது 53ஆவது நகர்த்தலில். குகேஷின் யானை விரட்டியபோது அது தேர்ந்தெடுத்த இடம் அதுதான். எங்கே இருந்தாலும் அந்த மூலைவிட்டத்தில்தான் இருக்கப்போகிறது, தூரமாக இருந்தால் பத்திரம் என்று ஒதுங்கிக்கொண்டது. அப்போதும் எஞ்சின் கணக்கில் டிராதான். ஆனால் வீட்டை விட்டு ரொம்ப தூரத்தில் போய் நிற்கிற காவல்காரனை யோசித்துப் பாருங்கள்.

5

இந்த ஏ8 கட்டம் எனக்கு வேறொரு ஆட்டத்தை ஞாபகப்படுத்துகிறது. அதுவும் உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம், அதிலும் ஸ்கோர் சமம், அதிலும் கறுப்புக் காய் ஒரு சென்னைக்காரருக்கு. 2010 மே 11, பல்கேரியாவில் சோஃபியா நகரம். ஆனந்த் – டோபலோவ், பன்னிரண்டாவது ஆட்டம், நிலவரம் 5.5 – 5.5.

அந்தப் போட்டிக்கு ஆனந்த் போய்ச் சேர்ந்ததே ஒரு கதை. ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பாவில் விமானமே பறக்காத நேரம். ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சோஃபியாவுக்கு சுமார் நாற்பது மணி நேரம் சாலை வழியாகப் போனார். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார், ஒரு நாள்தான் கிடைத்தது. முதல் ஆட்டமே தோல்வி. அங்கிருந்து கடைசி ஆட்டம்வரை இழுத்து வந்திருந்தார்.

கடைசி ஆட்டத்தில் அவர் எடுத்தது லாஸ்கர் தடுப்பு. நூறு வருஷத்துக்கு மேல் பழையது. 1894 முதல் 1921 வரை உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கரின் பேரில் இருக்கிறது. காய்களைச் சீக்கிரம் மாற்றிக்கொண்டு மூச்சுவிட இடம் பிடிக்கிற, சலிப்பூட்டும் என்று பேர்வாங்கிய அமைப்பு. இங்கேயும் டிரா ஆனால் வேக ஆட்டம். வேக ஆட்டத்தில் ஆனந்த் யார் என்று உலகத்துக்கே தெரியும். ஆகவே இங்கே அவசரம் டோபலோவுக்கு. டிங்கின் இடத்தில் ஆனந்த் இருந்தார் என்று சொல்லலாம்.

ஆனால் ஆட்டம் வேறு மாதிரி போயிற்று. ஆனந்தின் பிஷப் பி7க்கும் ஏ6க்குமாக அலைந்து, கடைசியில் டோபலோவின் குதிரை விரட்டியதால் 28ஆவது நகர்த்தலில் ஏ8க்குப் போய் ஒண்டிக்கொண்டது. பார்ப்பதற்குப் பரிதாபமான பிஷப். ஆனால் அந்த மூலையிலிருந்து நேராக ஒரு கோடு போட்டால் அது முடிகிற பக்கத்தில், ஜி2இல், டோபலோவின் ராஜா நின்றது. இடையில் சில சிப்பாய்கள், அவ்வளவுதான். ஆனந்த் இ5 தள்ளினார், எஃப்5 தள்ளினார், பிறகு ஒரு சிப்பாயைக் கொடுத்து இ4. டோபலோவ் இரண்டாவது முறையும் வெட்டினார். கதவு திறந்துகொண்டது. வெள்ளை ராஜா எச்3, எச்4 என்று நடுத்தெருவுக்கு இழுத்துவரப்பட்டது.

இரண்டு ஆட்டமும் சேர்த்துப் படிக்கும்போதுதான் விஷயம் தெளிகிறது. தற்காப்பான தொடக்கம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. லாஸ்கர் தடுப்பைவிடத் தற்காப்பானது எது? டிராவே போதும் என்ற நிலையில் ஆனந்தும்தான் இருந்தார். ஆனால் அவர் காய்களை மாற்றியது மூச்சுவிட இடம் வேண்டும் என்பதற்காக. இடம் கிடைத்ததும் அதைப் பயன்படுத்தினார். டிங் மாற்றியது முடிப்பதற்காக. இடம் கிடைக்கும்போதெல்லாம் அதையும் கொடுத்து மறுபடி மாற்றினார். ஏ8 மூலையில் ஆனந்தின் பிஷப் பதுங்கியிருந்தது. டிங்கின் பிஷப் ஒளிந்துகொண்டிருந்தது. கட்டம் ஒன்றுதான்.

6

டோபலோவும்தான் தவறு செய்தார். அதை யாரும் ஆனந்தின் அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அதற்கு அப்புறம் ராஜாவைத் துரத்துகிற வேட்டை இருந்தது, பார்க்க அழகாக இருந்தது. 2013இல் சென்னையில் இன்னொன்று பார்த்தோம். ஆனந்தும் கார்ல்சனும் ஆடினார்கள். பார்வையாளர்களில் ஏழு வயது குகேஷும் ஒருவர். ஐந்தாவது ஆட்டத்திலும் ஆறாவது ஆட்டத்திலும் கார்ல்சன், டிரா என்று எல்லோரும் மூடிவைத்துவிட்ட முடிவாட்டங்களை மணிக்கணக்கில் பிசைந்து பிசைந்து ஜெயித்தார். ஆனந்த் களைத்துத் தவறு செய்தார். அதை நாம் என்ன சொன்னோம்? கல்லிலும் நார் உரிக்கிறான் என்றோம். வாயைப் பிளந்தோம். நார்வேக்காரர் செய்தால் மேதைமை, நம் பையன் செய்தால் அதிர்ஷ்டமா?

தவறு என்பது என்னவென்று குகேஷுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் பலகையில் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்தவர், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் நல்ல நிலையிலிருந்து தவறு செய்து தோற்றார். அப்துசத்தோரோவ் அன்றைக்கு என்ன செய்தார்? தோற்றுக்கொண்டிருந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். ஆனால் அவ்வளவும் வேண்டும்.

இந்த ஆட்டம் மகத்தான ஆட்டம் என்று நான் சொல்லமாட்டேன். அழகுக்காக மனப்பாடம் செய்யத்தக்க ஆட்டங்களின் பட்டியல் எடுத்தால் இது அதில் வராது. சோஃபியா ஆட்டம் வரலாம். 29ஆவது நகர்த்தலுக்குப் பிறகு புதிய யோசனை எதுவும் இதில் இல்லை. தவறும் பெரிய தவறுதான். அந்த அளவில் என் டீக்கடை அண்ணன் சொல்வது சரி. அழகு வேறு, தகுதி வேறு என்பதுதான் என் வாதம். குகேஷின் வெற்றி தகுதியானதா என்ற கேள்விக்கு 55ஆவது நகர்த்தலில் பதில் கிடையாது. 9ஆவது நகர்த்தலில் சிப்பாயை டி4இல் வைத்ததில் இருக்கிறது, 32இலிருந்து 54 வரை ஒரு நகர்த்தல்கூட எதிராளிக்கு ஓய்வு கொடுக்காததில் இருக்கிறது.

இது வெறும் தர்க்கம் இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்தில் இப்போது பள்ளிக்கூடப் போட்டிகளுக்குப் போனால் உட்கார இடம் கிடைப்பதில்லை. ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நத்தம் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் அப்பாவின் பைக் பின்னால் உட்கார்ந்து வருகிறார்கள். ஒவ்வொருவனுக்கும் தொடக்கம் பத்து நகர்த்தல் மனப்பாடம், எல்லாம் செல்போனில் கற்றது. பதினொன்றாவது நகர்த்தலில் திகைக்கிறான். ஒரு சிப்பாய் போனால் கையை நீட்டிவிடுகிறான். சமமாக இருந்தால், “டிராவாண்ணா?” என்று கேட்கிறான். முடிந்து வெளியே வந்ததும் அப்பாவின் போனை வாங்கி ஆட்டத்தை எஞ்சினில் போட்டு, பட்டை எங்கே சரிந்தது என்று பார்க்கிறான். அங்கே ஒரு தவறு இருக்கும். “இந்த ஒரு மூவ்தாம்ப்பா” என்கிறான். அப்பாவும் தலையாட்டுகிறார்.

அந்தப் பையனிடம் குகேஷ் ஜெயித்தது டிங் செய்த தவறால் என்று சொன்னால், அவன் எதிராளியின் தவறுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்வான், அல்லது தன் தவறு எப்போது வரும் என்று பயந்துகொண்டிருக்கக் கற்றுக்கொள்வான். ஒன்பதாவது நகர்த்தலில் ராணி ஏன் டி1க்குத் திரும்பியது, அதன் பிறகு பலகையில் யார் கேள்வி கேட்டார்கள் என்று காட்டினால் வேறொன்றைக் கற்றுக்கொள்வான்.

டீக்கடை அண்ணனிடம் ஏ8 பிஷப்பைப் பற்றியும் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, டீக்கடைப் பெஞ்சில் விரலால் ஒரு மூலையையும் அதிலிருந்து ஒரு கோட்டையும் போட்டுப் பார்த்தார்.

“அப்ப தோத்தவரும் முதல்ல இருந்தே சேர்ந்துதான் இதச் செஞ்சிருக்காருங்கிறீங்க.”

“ஆமாண்ணே.”

“அப்பிடிச் சொன்னா அந்த மனுசனுக்கும் மரியாதையாத்தான் இருக்கு.”

நான் அதுவரை யோசிக்காத கோணம் அது. குகேஷுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லும்போது நாம் டிங்கையும் சேர்த்தே அவமதிக்கிறோம். பதினாலு ஆட்டம் சரிக்குச் சரியாக நின்ற ஒரு உலக சாம்பியனை, ஒரு விநாடி தூங்கிப்போனவராக ஆக்கிவிடுகிறோம். அவர் தூங்கவில்லை. அன்று காலை ஒரு முடிவெடுத்தார், அந்த முடிவுக்குக் கடைசிவரை விசுவாசமாக இருந்தார், யானையை எஃப்2இல் வைத்ததும் அந்த விசுவாசத்தால்தான். ஆட்டம் முடிந்து, முந்தின நாள் தான் தப்பித்ததையெல்லாம் பார்த்தால் இந்த முடிவு நியாயமானதே, வருத்தமில்லை என்கிற மாதிரி பேசினார். அந்த ஆட்டத்துக்கு எழுதப்பட்ட விமர்சனங்களில் நேர்மையானது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆட்டத்தை நகர்த்திப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பட்டையை அணைத்துவிடுங்கள். ஒன்பதாவது நகர்த்தலில் நிறுத்தி, வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். 29ஆவது நகர்த்தலில் இன்னொரு முறை நிறுத்துங்கள். அந்த பி சிப்பாயைக் கொடுப்பீர்களா? நான் கொடுத்திருக்கமாட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் மறுநாள் வேக ஆட்டம், எதிரில் பதினெட்டு வயசுப் பையன் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தால், கை தானாக பி4 பக்கம்தான் போகிறது.